கோடைக்கால வணிகப் படிப்புகள்: அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர் எதைத் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்காவில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான நான்கு வகுப்புகளும் உயர்நிலைப் பள்ளி என்று வழங்கப்படுகின்றன; தமிழ்நாட்டில் உயர்நிலை, மேல்நிலை என இரண்டாகப் பிரித்துச் சொல்லப்படுபவை அங்கே ஒரே பிரிவில் அடங்குகின்றன. இவ்வகுப்புகளில் பயில்வோருக்காக, ஜூன் மாதம் தொடங்கி ஆகஸ்ட் வரை நீளும் கோடை விடுமுறையில், பல்கலைக்கழகங்களும் தனியார் அமைப்புகளும் குறுகிய காலப் படிப்புகள் பலவற்றை நடத்துகின்றன. அவற்றுள் வணிகம், நிதி, தொழில்முனைவு ஆகியவற்றைக் கற்பிப்பவை மாணவர்களிடமும் பெற்றோரிடமும் தனி மதிப்பைப் பெற்றிருக்கின்றன. இளநிலைப் பட்டத்தையே வணிகப் பள்ளி ஒன்றில் பெற விரும்புவோர், அப்பள்ளியின் வாசலைப் பதினாறு, பதினேழு வயதிலேயே மிதித்துவிட வேண்டும் என்று எண்ணுவதும், பல்கலைக்கழகத்தின் பெயர் விண்ணப்பத்தில் இடம்பெற்றால் பிற்காலச் சேர்க்கை எளிதாகும் என்று நம்புவதும் இதற்குக் காரணங்கள். முதல் எண்ணத்தில் நியாயம் உண்டு. இரண்டாவது நம்பிக்கைக்கு ஆதாரம் மெலிந்தது என்பதால், தேர்வை அதன்மேல் கட்டுவது தவறு. அந்தச் சில வாரங்களில் மாணவர் தம் கையால் எதைச் செய்யப்போகிறார், அதற்கான செலவை யார் ஏற்கிறார்கள் என்னும் இரண்டு கேள்விகளே படிப்புகளை ஒப்பிடுவதற்கு உறுதியான அளவுகோல்களாக அமையும்.

இத்துறையில் முதலில் பேசப்படும் பெயர் பிலடெல்பியா நகரிலுள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளி. தொழிலதிபர் ஜோசப் வார்ட்டன் அளித்த நன்கொடையில் 1881ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இப்பள்ளி, பல்கலைக்கழகம் ஒன்றின் அங்கமாக அமெரிக்காவில் தோன்றிய முதல் வணிகப் பள்ளியாகும். வார்ட்டன் என்ற ஒரே பெயரின்கீழ் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்ட பல கோடைப் படிப்புகள் நடைபெறுவதால், ‘வார்ட்டன் கோடைப் படிப்பு’ என்று பொதுவாகச் சொல்வதில் குழப்பமே மிஞ்சும். ‘லீடர்ஷிப் இன் தி பிசினஸ் வேர்ல்ட்’ என்னும் படிப்பு, பன்னிரண்டாம் வகுப்பில் நுழையவிருப்போரை முதன்மையாகக் கருதி உருவானது. பேராசிரியர்களின் விரிவுரை, நிறுவனங்களுக்குச் செல்லுதல், தொழில்துறையினரின் உரை ஆகியவற்றோடு, மாணவர்கள் அணிகளாகப் பிரிந்து ஒரு வணிகத் திட்டத்தை உருவாக்கி நடுவர்கள் முன் வைப்பதும் இதன் அமைப்பு. வணிகத் திட்டம் என்பது, என்ன பொருளை யாருக்கு என்ன விலையில் விற்பது, அதற்கு எவ்வளவு முதல் தேவை, அது எப்போது திரும்பி வரும் என்பவற்றைக் கணக்கோடு விளக்கும் ஆவணம். மேடையில் பேசுவதும், முன்பின் அறியாத நான்கைந்து பேரோடு இரவு நெடுநேரம் வாதிட்டு ஒரு முடிவுக்கு வருவதும் இங்கே மையமானவை என்பதால், கூட்டுவேலையில் உண்மையான நாட்டம் உள்ளவருக்கே இது பொருந்தும்.

அதே பல்கலைக்கழகத்தில், வார்ட்டன் பள்ளியும் பொறியியல் பள்ளியும் இணைந்து நடத்தும் மேலாண்மை-தொழில்நுட்பக் கோடைப் பயிலகம் வேறு வகையைச் சேர்ந்தது. இரு பள்ளிகளின் பட்டங்களையும் ஒருங்கே பெற வழிசெய்யும் ஜெரோம் ஃபிஷர் இளநிலைப் படிப்பின் சாயலில் அமைந்த இதில், கணிதமும் அறிவியலும் நன்கு கைவரப்பெற்றோர் தேடப்படுகிறார்கள். மாணவர்கள் ஒரு கருவியையோ மென்பொருளையோ வடிவமைத்து, அதைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் வழியையும் வகுக்கிறார்கள். இதற்குப் பல்கலைக்கழக கிரெடிட் உண்டு. கிரெடிட் என்பது முடித்த பாடத்துக்குப் பல்கலைக்கழகம் அளிக்கும், மதிப்பெண் பட்டியலில் நிலையாகப் பதிவாகும் அலகு. இதனால் ஒரு வசதியும் ஓர் அபாயமும் சேர்ந்தே வருகின்றன. நன்றாகச் செய்தவருக்கு அது கல்லூரி நிலைப் பாடத்தைத் தாங்கக்கூடியவர் என்பதற்குச் சான்றாகிறது. சரியாகச் செய்யாதவருக்கு அந்த மதிப்பெண்ணும் அப்படியே பதிவில் நின்றுவிடுகிறது. இவ்விரு படிப்புகளையும் தவிர, நிதி அடிப்படைகள், தொழில்முனைவு, தரவு அறிவியல், விளையாட்டுப் புள்ளிவிவரம் எனத் தனித்தனித் துறைகளுக்கான படிப்புகளையும் வார்ட்டன் நடத்துகிறது. விளையாட்டுப் புள்ளிவிவரப் படிப்பு வேடிக்கையாகத் தோன்றினாலும், கணினி நிரல் எழுதித் தரவை ஆராயும் பயிற்சியைத் தருவதால், திரும்பி வரும் மாணவரிடம் எஞ்சி நிற்கும் திறன் என்ற அளவில் பெயர்பெற்ற பொதுப் படிப்புகளைவிட மேலானது என்று வாதிட இடமுண்டு.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலுள்ள ஹாஸ் பள்ளி 1898ஆம் ஆண்டிலிருந்து இயங்குவது. அதன் இளையோர் வணிகப் பயிலகம் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் நடைபெறும். இதுவும் அணியாக வணிகத் திட்டம் தயாரிப்பதையே நடுவாகக் கொண்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராஸ் பள்ளி நடத்தும் படிப்பும் ஏறக்குறைய இதே அச்சில் வார்த்தது. இவற்றுக்கிடையே பாடத்தில் பெரிய வேற்றுமை இல்லாததால், பயணத் தொலைவும் கட்டணமும் முடிவைத் தீர்மானிப்பதில் பிழையில்லை.

2013ஆம் ஆண்டளவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் தொடங்கி, பின்னர் தனி நிறுவனமாகிய ‘லாஞ்ச்எக்ஸ்’ இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. பல்கலைக்கழகப் படிப்புகள் பலவற்றில் வணிகத் திட்டம் தாளிலேயே முடிந்துவிடும். இதிலோ மாணவர்கள் ஒரு புத்தொழில் நிறுவனத்தை உண்மையில் தொடங்கி, வாடிக்கையாளர்களைத் தேடிப் பேசி, விற்றுப் பார்க்க வேண்டும். தெரியாத ஒருவரிடம் சென்று “இதற்குப் பணம் கொடுப்பீர்களா?” என்று கேட்டு மறுப்பைப் பெறும் அனுபவத்தை எந்த விரிவுரையாலும் தர இயலாது. ஆனால் பேராசிரியரின் முறையான பாடத்தை எதிர்பார்த்து வருபவர் இதில் ஏமாற்றமடைவார். அணித் தோழர்கள் பொருந்தாவிட்டால் முழுக் கோடையும் அந்தப் பிணக்கிலேயே கழியக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கட்டணம் வாங்காத, சில இடங்களில் மாணவருக்கே பணம் தரும் வாய்ப்புகளைப் பெற்றோர் பலர் பட்டியலில் சேர்ப்பதே இல்லை என்பது வருத்தத்துக்குரியது. பேங்க் ஆஃப் அமெரிக்கா 2004 முதல் நடத்திவரும் ‘ஸ்டூடண்ட் லீடர்ஸ்’ திட்டத்தில் தேர்வாகும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள், தம் ஊரிலுள்ள இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்றில் எட்டு வாரம் சம்பளத்துடன் பணிபுரிகிறார்கள். தலைநகர் வாஷிங்டனில் நடைபெறும் தலைமைத்துவ மாநாட்டிலும் கலந்துகொள்கிறார்கள். உணவு வங்கி ஒன்றின் கிடங்கில் வரும் சரக்கையும் போகும் சரக்கையும் எட்டு வாரம் கணக்கிட்ட மாணவர், வணிகம் என்றால் என்ன என்பதைக் குளிரூட்டிய அரங்கில் அமர்ந்து கேட்டவரைவிடக் குறைவாக அறிந்திருக்கமாட்டார். வணிகக் கல்வியில் உரிய இடம்பெறாத சமூகங்களின் மாணவர்களுக்கென்று, கட்டணமின்றியோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடத்தப்படும் படிப்புகளும் உண்டு; 1980ஆம் ஆண்டு வார்ட்டனில் தொடங்கிப் பல வணிகப் பள்ளிகளுக்குப் பரவிய ‘லீட்’ இவ்வகையில் முன்னோடி. இத்தகையவற்றில் தகுதி வரையறை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால், அந்த ஆண்டின் அறிவிப்பை நேரடியாகப் படித்த பின்பே விண்ணப்பிக்க வேண்டும்.

வளாகத்துக்குச் செல்லாமலே ஈடான பயிற்சி பெறும் வழிகளும் உள்ளன. வார்ட்டன் நடத்தும் உயர்நிலைப் பள்ளி முதலீட்டுப் போட்டிக்குக் கட்டணம் இல்லை. நான்கு முதல் ஏழு மாணவர்கள் கொண்ட அணி, ஓர் ஆசிரியரின் வழிகாட்டலில், கற்பனைப் பணத்தை முதலீடு செய்து ஒரு வாடிக்கையாளருக்கு ஏற்ற உத்தியை வகுக்க வேண்டும். அதிக இலாபம் காட்டிய அணிக்கு அன்றி, தன் உத்தியைத் தெளிவாக நியாயப்படுத்திய அணிக்கே இதில் முதன்மை தரப்படுகிறது என்பது கவனிக்கத்தக்கது. டெலவேர் பல்கலைக்கழகத்தின் ‘டயமண்ட் சேலஞ்ச்’ தொழில்முனைவுப் போட்டியும் கட்டணமற்றது. 1946இல் தொடங்கிய ‘டெக்கா’, 1940களிலேயே வேர்விட்ட ‘எஃப்.பி.எல்.ஏ.’ ஆகிய மாணவர் அமைப்புகளின் கிளைகள் பல பள்ளிகளில் ஏற்கெனவே இயங்குகின்றன. இவை பள்ளி ஆண்டில் நடப்பவை என்பதால் கோடைக்கு முந்தைய தயாரிப்பாகவும் பயன்படுகின்றன.

இனி, போட்டியின் கடுமையைத் தரத்தின் அடையாளமாகக் கொள்ளலாமா என்ற கேள்வி. சில படிப்புகள் உண்மையிலேயே குறைந்த இடங்களுக்குப் பலரைப் பரிசீலிக்கின்றன. சில, ‘போட்டி மிகுந்தவை’ என்று தம்மை விளம்பரப்படுத்திக்கொண்டு, கட்டணம் செலுத்தக்கூடியவர் பெரும்பாலோரையும் சேர்த்துக்கொள்கின்றன. வீட்டு முகவரிக்குத் தங்க நிற முத்திரையோடு வரும் “தாங்கள் பரிந்துரைக்கப்பட்டுள்ளீர்கள்” என்னும் கடிதம் பல வேளைகளில் அஞ்சல் பட்டியல் ஒன்றிலிருந்து பெயரை எடுத்து அனுப்பிய விற்பனைக் கடிதமே. பல்கலைக்கழக வளாகத்தில் நடப்பதாலேயே ஒரு படிப்பு அப்பல்கலைக்கழகத்தின் படிப்பு ஆகிவிடாது. விடுமுறையில் காலியாக இருக்கும் விடுதிகளையும் வகுப்பறைகளையும் வெளி நிறுவனங்கள் வாடகைக்கு எடுத்து நடத்துவது வழக்கத்தில் உள்ளது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழிகள் உண்டு: பாடம் எடுப்பவர் அப்பல்கலைக்கழகத்தின் ஆசிரியரா, கட்டணம் யார் பெயரில் செலுத்தப்படுகிறது, சான்றிதழில் கையெழுத்திடுவது யார் என்று எழுத்து வடிவில் கேட்க வேண்டும். விடை மழுப்பலாக வந்தால் அதுவே விடை.

பல்கலைக்கழகம் தானே நடத்தும் படிப்பாக இருந்தாலும், அதில் பங்கேற்றவருக்கு இளநிலைச் சேர்க்கையில் உறுதி எதுவும் இல்லை. இதன் பொருளைக் கண்முன் காண, அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் ஏற்கும் ‘காமன் ஆப்’ என்னும் பொது விண்ணப்பப் படிவத்தைப் பார்க்கலாம். அதில் பாடத்துக்கு வெளியேயான செயல்பாடுகளுக்குப் பத்து இடங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் விளக்க 150 எழுத்துகளுக்கு மேல் இடமில்லை. பெரும் தொகை செலவிட்ட படிப்பும் அங்கே ஒன்றரை வரியாகவே சுருங்கும். அந்த ஒன்றரை வரியில் “பங்கேற்றார்” என்பதற்கு அப்பால் எழுத ஏதேனும் இருக்குமா என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது, படிப்புகளை எடைபோட நல்ல சோதனை.

செலவைப் பொறுத்தவரை, பெயர்பெற்ற, வளாகத்தில் தங்கிப் படிக்கும் மூன்று வாரப் படிப்புக்கு ஏறத்தாழ பத்தாயிரம் டாலர் வரை ஆகக்கூடும். விமானக் கட்டணமும் கைச்செலவும் அதற்கு மேல். நிதியுதவி தரும் படிப்புகளில்கூட அதற்கான விண்ணப்பம் தனியாகவும், பெரும்பாலும் முந்திய கெடுவுக்குள்ளும் அளிக்கப்பட வேண்டியிருக்கும். சேர்க்கை கிடைத்த பின் உதவி கேட்கலாம் என்று காத்திருப்போர் அதை இழப்பது உண்டு. வெளிநாட்டு மாணவருக்கு உதவி கிடையாது என்று விலக்கும் படிப்புகளும் இருப்பதால், அந்த ஒரு வரியை முதலில் தேடிப் படிக்க வேண்டும். கடன் வாங்கியோ, கல்லூரிக்கென்று சேர்த்த சேமிப்பை உடைத்தோ இக்கட்டணத்தைச் செலுத்துவதற்கு எந்தக் கோடைப் படிப்பும் தகுதியானதன்று.

விண்ணப்பம் பெரும்பாலும் முந்திய ஆண்டின் இலையுதிர் காலத்தில் திறந்து, குளிர்காலத்தில் முன்னுரிமைக் கெடுவும் வசந்தத்துக்கு முன்னோ தொடக்கத்திலோ இறுதிக் கெடுவும் வைத்திருக்கும். பள்ளி மதிப்பெண் பட்டியல், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், கட்டுரை ஆகிய மூன்றும் பொதுவாகக் கேட்கப்படுபவை. பரிந்துரையைப் பொறுத்தவரை, தலைமையாசிரியரின் பதவியைவிட, மாணவரின் வேலையை அருகிருந்து கண்ட ஆசிரியரின் சொல்லுக்கே எடை கூடுதல். கெடுவுக்கு ஒரு மாதம் முன்னதாகவே அவரைக் கேட்டுக்கொள்வது மரியாதையும் ஆகும்.

கட்டுரைதான் விண்ணப்பத்தின் உயிர்நிலை. “சிறுவயதிலிருந்தே தலைமைப் பண்பில் ஆர்வம்” என்று தொடங்கும் கட்டுரையைப் பரிசீலிப்போர் கணக்கின்றிப் படித்திருப்பார்கள். அவர்களை நிறுத்தி வாசிக்கவைப்பது ஒரு சிறிய, கணக்கோடு கூடிய கவனிப்பு. இந்தியக் கடைகள் நிறைந்த நியூஜெர்சியின் ஓக் ட்ரீ சாலைப் பகுதியில், குடும்பத்தின் மளிகைக் கடையில் வார இறுதியில் கைகொடுக்கும் ஒரு மாணவியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கறிவேப்பிலைக் கட்டு ஒன்றை 60 சென்ட்டுக்கு வாங்கி 1 டாலருக்கு விற்கும் அக்கடை, வாரந்தோறும் 40 கட்டு எடுத்து, 28 விற்று, 12 கட்டை வாடிப்போனதெனக் குப்பையில் கொட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், 24 டாலர் முதலுக்கு 28 டாலர் வரவு, இலாபம் வெறும் 4 டாலர். அதே வாரம் 30 கட்டு மட்டும் எடுத்திருந்தால் இலாபம் 10 டாலர். விற்காமல் மிஞ்சும் ஒவ்வொரு கட்டும் 60 சென்ட் நட்டம், கேட்டவருக்கு இல்லையென்று சொல்லும் ஒவ்வொரு கட்டும் 40 சென்ட் இலாப இழப்பு. இவ்விரண்டையும் நிறுத்துப் பார்த்தால், பத்து வாரங்களில் ஏறத்தாழ நான்கில் மட்டுமே மிச்சம் விழுந்து, மற்றவற்றில் சரக்கு முன்னதாகவே தீர்ந்துவிடும் அளவுக்கு வாங்குவதே மிகுந்த இலாபம் தரும். வணிகப் பள்ளிகளில் செயல்பாட்டு மேலாண்மைப் பாடத்தில் ‘செய்தித்தாள் விற்பவர் கணக்கு’ என்று கற்பிக்கப்படுவது இதுவே; அன்றன்றைக்கு மட்டுமே விலைபோகும் செய்தித்தாளை எத்தனை பிரதி வாங்கிவைப்பது என்ற கேள்வியிலிருந்து அப்பெயர் வந்தது.

ஆனால் கட்டுரைக்கு வலு சேர்ப்பது அதற்கு அடுத்த படி. கடைக்காரரான தந்தை இக்கணக்கை ஏற்க மறுக்கிறார் என்றால், அவர் மறுப்பில் அறியாமை இருப்பதாக எழுதிவிடாமல், ஏன் மறுக்கிறார் என்று மாணவி விசாரிக்க வேண்டும். கறிவேப்பிலை கிடைக்காத வாடிக்கையாளர், அரிசி, பருப்பு, எண்ணெய் உள்ளிட்ட மாதச் சாமான் முழுவதையும் அடுத்த கடையிலேயே வாங்கிக்கொள்வார் என்பது அவருக்குத் தெரியும். எனவே இல்லையென்று சொல்வதன் உண்மையான விலை 40 சென்ட் அல்ல, அதனினும் பல மடங்கு. அந்த எண்ணைக் கணக்கில் மாற்றினால் 40 கட்டு வாங்குவதே சரி என்றுகூட விடை வரலாம். சூத்திரத்தை ஓரிடத்தில் பொருத்திப் பார்த்து, அது எங்கே போதவில்லை என்று கண்டு, அனுபவமுள்ளவரிடம் கேட்டுத் திருத்திக்கொண்ட இந்த ஓட்டத்தைச் சில நூறு சொற்களில் எழுத முடிந்தால், தலைமைப் பண்பு என்ற சொல்லே அதில் தேவைப்படாது. கடை இல்லாத குடும்பத்து மாணவருக்குப் பள்ளிச் சிற்றுண்டி விற்பனை, ஊர்ச் சங்கத்தின் பொங்கல் விழா நுழைவுச்சீட்டு, தெருவில் செய்த புல்வெட்டும் வேலை எதுவும் இதற்குப் போதும். கட்டணம் வாங்கிக்கொண்டு கட்டுரையை எழுதித் தருவோரின் மொழுமொழுப்பான நடை இத்தகைய விவரத்தைத் தராது. அதை நாடுவது நேர்மையற்றது மட்டுமன்று, பயனற்றதும் ஆகும்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளிலிருந்து விண்ணப்பிப்போர் வேறு இரண்டைக் கருத வேண்டும். அமெரிக்கக் கோடைப் படிப்புகள் நடக்கும் ஜூன் இறுதியும் ஜூலையும் இங்கே புதிய கல்வியாண்டு தொடங்கிவிட்ட காலம். பொதுத் தேர்வு எழுதவிருக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் மூன்று வாரப் பாடத்தை இழப்பதோடு, சி.பி.எஸ்.இ. பள்ளியாயின் 75 விழுக்காடு வருகைப்பதிவு விதியையும் மனத்தில் கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பை முடித்த கோடையிலோ, இணையவழி நடக்கும் படிப்பிலோ சேர்வது இழப்பைக் குறைக்கும். அடுத்தது விசா: சுற்றுலா விசாவில் கிரெடிட் இல்லாத, பொழுதுபோக்குத் தன்மையுள்ள குறுகிய படிப்பே அனுமதிக்கப்படுகிறது, கிரெடிட் உள்ள படிப்புக்கு எஃப்-1 எனப்படும் மாணவர் விசா தேவைப்படும். எந்த விசா என்பதைப் படிப்பை நடத்துவோரிடமே எழுதிக் கேட்டு, அதற்கான ஆவணத்தை அவர்கள் தருவார்களா என்று உறுதிசெய்துகொண்ட பின்பே முன்பணம் கட்ட வேண்டும்.

இரண்டு இடங்களில் சேர்க்கை கிடைத்தவர் சந்திக்கும் சிக்கல் பெரும்பாலும் தேதியைப் பற்றியது. ஒரு படிப்பு முன்பணம் கட்டக் கெடு விதித்திருக்கும். மாணவர் மேலாகக் கருதும் மற்றொன்றின் முடிவு அதற்குப் பின்பே வரும். முன்பணம் பல இடங்களில் திருப்பித் தரப்படாதது என்பதால், கெடுவை ஒரு வாரம் நீட்டித் தர இயலுமா என்று கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை. மறுத்தாலும் அக்கேள்வியால் கிடைத்த இடம் பறிபோவதில்லை. நீட்டிப்பு கிடைக்காதபோது, முன்பணத் தொகையையும், காத்திருக்கும் படிப்பில் இடம் கிடைப்பதற்கான நம்பிக்கையையும், இரண்டுக்கும் இடையேயான உண்மையான வேற்றுமையையும் குடும்பம் ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். வேற்றுமை பெயரில் மட்டுமே இருப்பதாகத் தெரிந்தால் கையிலிருக்கும் இடத்தை ஏற்றுக்கொள்வது நலம். மாணவர் கற்க விரும்பும் ஒரு குறிப்பிட்ட பாடம் காத்திருக்கும் படிப்பில் மட்டுமே உண்டென்றால், முன்பணத்தை இழக்கத் துணிவதற்கும், அதுவும் கிடைக்காத கோடையில் உள்ளூரில் சம்பளத்துக்கு ஒரு வேலை தேடிக்கொள்வதற்கும் அவர் தயாராக இருக்க வேண்டும்.